நைட்டி விற்ற குரல்

டாக்டர்கள் தொண்டையை அறுத்து எடுத்து மூன்று மாதம் ஆன மனிதர், திருநெல்வேலி டவுண் தெற்கு ரத வீதியில் நைட்டி விற்றுக்கொண்டிருந்தார்.

"வாங்கம்மா வாங்க! ரெண்டு நைட்டி எடுத்தா ஒரு நைட்டி இலவசம்! நாத்தனாருக்கும் சேத்து எடுங்க, நல்ல பேரு வாங்குங்க!"

விளம்பர ஆட்டோவின் கூரைக் குழாயிலிருந்து அந்தக் குரல் முழங்கியது. குரலுக்குச் சொந்தக்காரர் என் பக்கத்தில் வாய் திறக்காமல் நின்றார். பெயர் ஞானையா. 'மைக்' ஞானையா என்றால்தான் ஊருக்குத் தெரியும். நாங்குநேரியிலிருந்து புன்னக்காயல் வரைக்கும் எங்கே கபடி நடந்தாலும் வர்ணனை அவர்தான். பிறகு புற்றுநோய் வந்தது, குரல்வளை போனது. இப்போது கழுத்தில் ஒரு துளை, அதை மறைக்க ஒரு வெள்ளைத் துணி, கையில் ஒரு சிலேட்டு. போனில் டைப் அடித்தால் முடிப்பதற்குள் கோபம் ஆறிப்போகிறதாம். அதனால்தான் சிலேட்டு.

விறுவிறுவென்று எழுதி என் மூக்குக்கு நேராக நீட்டினார்.

"அண்ணாச்சி என்னலே எழுதுதாவ?" என்று கேட்டாள் அக்கா.

"ஆட்டோக்காரரோட அம்மாவ நலம் விசாரிக்காவக்கா. கொஞ்சம் விரிவாவே விசாரிக்காவ."

அக்கா என்றால் தனலட்சுமி. மின்வாரியத்தில் திருட்டுக் கரண்ட் பிடிக்கும் படையில் இருந்துவிட்டு, விருப்ப ஓய்வு வாங்கி ஜங்ஷனில் ஒரு மாடியறையில் துப்பறியும் ஆபீஸ் போட்டவள். கம்பத்திலிருந்து போகிற ஒயரைப் பார்த்தே எந்த வீட்டில் எவன் கொக்கி போட்டிருக்கிறான் என்று சொல்லிவிடுவாள். ஒயர் இல்லாத கேஸ் வந்தால் நான். பெயர் தாவூது, ஊர் மேலப்பாளையம், படித்தது கம்ப்யூட்டர். ஒரு பேப்பர் இன்னும் பாக்கி இருக்கிறது. அது வாப்பாவுக்குத் தெரியாது, நீங்களும் சொல்ல வேண்டாம்.

கேஸ் இதுதான். ஆபரேஷனுக்கு முன்னால் ஞானையா ஒரு வாரம் முழுக்க உட்கார்ந்து தன் குரலைப் பதிவு செய்து வைத்தார். பைபிள் வாசித்தார், பஸ் போர்டு வாசித்தார், கபடி வர்ணனை செய்தார், வசவுக்கென்று தனியாக அரை நாள் ஒதுக்கினார். பாளையங்கோட்டையில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் சுடலைவடிவு என்ற பெண் அவருக்காக ஒரு புரோகிராம் எழுதினாள். நாம் டைப் அடித்ததை நம் குரலிலேயே பேசும். அதற்கு அவள் வைத்த பெயர் 'தொண்டை'. புரோகிராமை ஊருக்கெல்லாம் இலவசமாக நெட்டில் திறந்து வைத்துவிட்டாள், எவரும் எடுத்துக்கொள்ளலாம். குரல் பதிவை மட்டும் நெட்டில் போடவில்லை. போடக் கூடாது என்று ஞானையா ஒற்றைக் காலில் நின்றார். "எவனாவது எடுத்து எதையாவது வித்துருவான்" என்றாராம். அவர் குரலில் அவர் கடைசியாகச் சொன்ன வார்த்தைகளில் அதுவும் ஒன்று.

ஆகவே குரல் சுடலைவடிவின் லேப்டாப்பில் மட்டும் இருந்தது. பதினைந்து நாளைக்கு முன்னால் நாங்குநேரிக் கபடிப் போட்டியில் ஞானையாவை மறுபடி பேச வைக்க லேப்டாப்பைக் கொண்டுபோனார்கள். மேடைக்குப் பின்னால் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார்கள். வந்து பார்த்தால் மேடை மட்டும் இருந்தது.

நேற்றுக் காலை இதே ஆட்டோ ஞானையாவின் தெருவுக்குள் போயிருக்கிறது. அடுப்படியில் நின்ற அவர் மனைவி பாக்கியவதி, குரல் கேட்டதும் கையில் கரண்டியோடு தெருவுக்கு ஓடி வந்திருக்கிறாள். வந்து பார்த்தால் நைட்டிப் படம். அப்படியே வாசற்படியில் உட்கார்ந்து அழுதாளாம். தொண்டை போனதற்குக்கூடக் கலங்காத மனிதர், இதைத் தாங்க முடியாமல்தான் எங்கள் மாடிப்படி ஏறினார். 'என் குரலை எனக்கு வாங்கிக் குடு தாயி' என்று சிலேட்டில் எழுதி அக்காவிடம் நீட்டினார். அதில் வசவு எதுவும் இல்லை. அதனாலேயே எனக்குச் சங்கடமாக இருந்தது.

ஆட்டோவை மறித்தோம். டிரைவர் இசக்கிமுருகன் பயந்துவிட்டான்.

"எனக்கென்னக்கா தெரியும்? வாகையடி முக்குல பேச்சிராஜ் ஆடியோஸ்ல பென்டிரைவ் குடுத்தாவ, போட்டுட்டு சுத்துதேன். இவ்வளவு சுத்தியும் என் வீட்டுக்கே ஒரு நைட்டி கெடைக்கல."

"நாங்குநேரி கபடிக்கு சவுண்டு செட்டு யாரு?" என்று அக்கா கேட்டாள்.

ஞானையா சிலேட்டில் 'பேச்சிராஜ்' என்று எழுதி, அதன் கீழே இரண்டு கோடு போட்டார்.

பேச்சிராஜ் எங்களைக் கல்யாண வீட்டு வாசலில் நிற்பவன் மாதிரி வரவேற்றான். வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு, வாயில் ஏலக்காய். அறையின் நாலு மூலையிலும் வாசல் பக்கத்திலுமாக ஆளுயரத்துக்கு ஸ்பீக்கர் பெட்டிகள். மேஜையில் பெரிய திரை, கீபோர்டு.

"அண்ணாச்சி! வாங்க வாங்க. உங்களுக்காகவே ஒண்ணு காட்டணும்னு இருந்தேன்!" என்று அவனே கீபோர்டில் தட்டினான்.

"ஞானையா அண்ணாச்சி, உக்காருங்க, டீ சாப்பிடுங்க!" என்றது ஞானையாவின் குரல், ஞானையாவிடமே.

அவர் உட்காரவில்லை. கை தானாகக் கழுத்துத் துணிக்குப் போனது. பேச்சிராஜ் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தான்.

"திருட்டு லேப்டாப்ல இருந்து எடுத்ததுதான?" என்று அக்கா நேராகவே கேட்டாள்.

"சிவ சிவா! அக்கா, 'தொண்டை' நெட்ல சும்மா கெடக்குலா? தண்ணிப் பந்தல் வச்சிருக்காவ, நான் ஒரு செம்பு குடிச்சேன். தாகத்துக்குக் குடிச்சவன் திருடனா? சுடலைவடிவு வேலை செய்யுத எடத்துலருந்து நேரா எறக்கி, நானே கட்டினேன். அண்ணாச்சியோட பழைய கபடி ரெக்கார்டு எங்கிட்ட கட்டுக் கட்டா கெடக்கு. அதத் தின்னக் குடுத்தேன். பேசுது. இதுல சட்டம் எங்கன வருது?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சவத்துப் பய சொல்வதில் ஓட்டையே இல்லை. புரோகிராம் இலவசம், ரெக்கார்டு அவனுடையது. இரண்டையும் சேர்த்தால் குரல். லேப்டாப்பை அவன் கண்ணால்கூடப் பார்த்திருக்க வேண்டியதில்லை.

"நீரே கட்டினீரா? ஏதும் மாத்தினீரா?" என்றாள் அக்கா, ரொம்ப மரியாதையாக. அவள் மரியாதையாகப் பேசினால் எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம்.

"ஒரு எழுத்து மாத்தலக்கா. அந்தப் புள்ள எழுதுனது எழுதுனபடி. நம்பிக்கை இல்லேன்னா நீங்களே கட்டிப் பாருங்க. இதே மாதிரிதான் பேசும்."

"தாவூது, ஒன் பொட்டியத் தொற. நாமளும் கட்டிப் பாப்போம்."

"அக்கா, அதுக்கு நேரமாகும்."

"அதுக்குத்தாம்லே சொல்லுதேன்."

கட்டுவது என்றால் லேசில்லை. சுடலைவடிவின் பட்டறை நெட்டில் திறந்தே கிடக்கிறது. அங்கே செய்து முடித்த சரக்கு இருக்காது. செய்துகொண்டிருக்கிற சரக்குதான் இருக்கும். அதை அப்படியே இறக்கி, நம் கம்ப்யூட்டரில் நாமே கட்டி எழுப்ப வேண்டும். கடையில் அல்வா வாங்குவதற்கும், கோதுமையை ஊறப்போட்டுப் பால் பிழிந்து நாமே கிண்டுவதற்கும் உள்ள வித்தியாசம்.

இறக்கினேன். கட்டு என்றேன். 'இன்னது இல்லை' என்றது. அதையும் இறக்கிக் கொடுத்தேன். 'இது பழசு, புதுசு வேண்டும்' என்றது. புதுசு கொடுத்தேன். 'இவ்வளவு புதுசு ஆகாது' என்றது. என் தங்கச்சி நிக்காஹுக்கு மாப்பிள்ளை வீட்டார் கேட்டதுகூட இதைவிட லேசாக முடிந்தது. திரையில் சிவப்பு வரிகளாக ஓடியது. பேச்சிராஜ் என் தோளுக்குப் பின்னால் நின்று "ச்சொச்சொச்சோ" என்றான். தானே கட்டியதாகச் சொன்னவன் ஒரு யோசனையாவது சொல்லலாமே என்று திரும்பிப் பார்த்தேன். அவன் ஏலக்காயை மென்றுகொண்டிருந்தான்.

அக்கா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, பொருட்காட்சி பார்க்க வந்தவள் மாதிரி ஸ்பீக்கர் பெட்டிகளைச் சுற்றி நடந்தாள். ஞானையா சிலேட்டில் எனக்கு ஒரு வரி எழுதினார். 'நீ கட்டி முடிக்குமுன்ன எனக்குப் புதுத் தொண்டை முளைச்சிரும்.'

டீ வந்தது, குடித்தோம், ஆறிப்போன இரண்டாவது டீயும் குடித்தோம். ஒருவழியாகச் சிவப்பு நின்று பச்சை வந்தது. 'தொண்டை தயார்' என்றது திரை.

"ஆங், நல்லா கேக்கட்டும்," என்று பேச்சிராஜே என் லேப்டாப்பில் ஒரு ஒயரைச் சொருகி, மறுமுனையை அவனுடைய ஆம்ப்ளிஃபயரில் மாட்டி, சத்தத்தைக் கூட்டினான். புரோகிராமோடு மாதிரிக்காக வருவது சுடலைவடிவின் குரல். 'வணக்கம்' என்று டைப் அடித்து பட்டனைத் தட்டினேன்.

"த்தூ! த்தூ! த்தூ! வணக்கம்!"

அறையே துப்பியது. வாசலில் டம்ளர் எடுக்க வந்த டீக்கடைக்காரர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எதிர் வரிசைச் செருப்புக் கடையிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது.

"என்னல பண்ணித் தொலச்ச?" என்றாள் அக்கா.

"அல்லாவே, நான் ஒண்ணும் பண்ணலக்கா!"

அழித்துவிட்டு முதலிலிருந்து மறுபடி கட்டினேன். இந்தத் தடவை எல்லாம் ஏற்கெனவே இருந்ததால் சீக்கிரம் முடிந்தது. 'நலமா' என்று அடித்தேன்.

"த்தூ! த்தூ! த்தூ! நலமா!"

பேச்சிராஜ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "கட்டத் தெரியாதவன் கட்டினா இப்பிடித்தான்! ஏலே, இதுக்குத்தான் படிச்சியா?" ஞானையாவுக்கும் தோள் குலுங்கியது. சத்தமில்லாமல் சிரிக்கிறார். மூன்று மாதத்தில் அவர் சிரித்தது அன்றைக்குத்தான் என்று பிறகு தெரிந்தது, இல்லாவிட்டால் அவரையும் முறைத்திருப்பேன். காது சூடேறிப் போய் உட்கார்ந்திருந்தேன்.

அக்கா சிரிக்கவில்லை. போனை எடுத்து, எல்லாருக்கும் கேட்கும்படி வைத்து சுடலைவடிவைக் கூப்பிட்டாள்.

"ஏளா வடிவு, ஒன் தொண்டை என்னத்துக்குத் துப்புது?"

மறுமுனையில் வெட்கப்பட்ட சிரிப்பு. "ஐயோ அக்கா, நீங்க பட்டறையிலருந்து எறக்கிக் கட்டினீங்களாக்கும். அது திருஷ்டிக்கா."

"என்னது?"

"கட்டிக்கிட்டு இருக்க வீட்டுல திருஷ்டி பொம்ம கெட்டித் தொங்க விடுவோம்லாக்கா? பால் காய்ச்சுத அன்னைக்குத்தான அத அவுப்போம்? இதும் பாதி கட்டுன வீடுதான. நெட்ல ஊரு ஒலகமே பாக்குது, எத்தன கண்ணு! எங்கம்மா சுத்திப் போட்டு மூணு தடவ துப்பச் சொன்னாவ. கம்ப்யூட்டருக்கு எங்கிட்டுச் சுத்திப் போட? அதான் துப்ப மட்டும் வச்சேன். மொத நாள்லருந்தே இருக்கு. யாரு கட்டினாலும் துப்பும். யாரு கொரலக் குடுத்தாலும் அந்தக் கொரல்லயே துப்பும்."

"எதுலயாவது துப்பாம இருக்குமா?"

"ஒண்ணே ஒண்ணுல துப்பாதுக்கா. காணாமப் போன என் லேப்டாப்புல. அண்ணாச்சி மேடையில பேசும்போது சபையப் பாத்துத் துப்பினா நல்லாவா இருக்கும்? அவுகளுக்காக அதுல மட்டும் பால் காய்ச்சி பொம்மய அவுத்துட்டேன்."

அக்கா போனை மேஜையில் வைத்தாள், அணைக்கவில்லை. பேச்சிராஜின் சிரிப்பு பாதியில் நின்றிருந்தது. ஏலக்காய் மெல்லுவதும் நின்றிருந்தது.

"ஒரு எழுத்து மாத்தலன்னீரே வே," என்றாள். "எங்க தாவூது ரெண்டு தடவ கட்டினான், ரெண்டு தடவயும் அவன் மூஞ்சியில துப்புச்சு. உம்ம தொண்டை மட்டும் ஏன் மரியாதையா 'டீ சாப்பிடுங்க'ன்னு சொல்லுச்சு?"

"அது... நான் அந்த எடத்த எடுத்துட்டேன்."

"அப்பிடி ஒண்ணு இருக்குன்னே இப்பத்தான தெரிஞ்சுக்கிட்டீரு? முன்னமே தெரிஞ்சிருந்தா தாவூதப் பாத்து 'கட்டத் தெரியாதவன்'னு ஏன் சிரிச்சீரு?"

அவன் முகம் ஒரு தடவை வெளுத்து, பிறகு தேறியது. சும்மா சொல்லக் கூடாது, பய கெட்டிக்காரன். "சரிக்கா. என் புரோகிராம் துப்பல, அதனால நான் திருடன். இதப் போயி கோர்ட்ல சொல்லுங்க. ஜட்ஜு எந்திரிச்சு வந்து கை குடுப்பாரு. லேப்டாப் எங்க? காட்டுங்க. ஒங்க கண்ணு முன்னாலதான கெடக்கு என் கடை."

எனக்கு மறுபடியும் பொசுக்கென்று ஆகிவிட்டது. அவன் சொன்னது நியாயம். துப்பலை வைத்து எந்த ஸ்டேஷனில் புகார் எழுதுவது?

"அதுஞ் சரிதான்," என்று அக்கா ஒத்துக்கொண்டாள். "நமக்குக் கம்ப்யூட்டரும் தெரியாது, ஒரு எளவும் தெரியாது. தெரிஞ்சது ஒயரு மட்டும். தாவூது, இன்னொருக்கா துப்பச் சொல்லு."

தட்டினேன். "த்தூ! த்தூ! த்தூ! நலமா!"

"எத்தன பெட்டி துப்புச்சு?"

அக்கா ஒவ்வொரு பெட்டியாகப் போய் உள்ளங்கையை வைத்தாள். "இன்னொருக்கா." துப்பியது. "இது அதிருது. இதும் அதிருது. இதும். வாசல்ல நிக்கதும் அதிருது." கடைசி மூலைக்குப் போய் நின்றாள். "இது கல்லு மாதிரி நிக்குது. இந்தக் கடையில துப்பாதது ரெண்டு இருக்கு வே. ஒண்ணு உம்ம புரோகிராம், ஒண்ணு இந்தப் பெட்டி."

"அது ரிப்பேரு!"

"ரிப்பேரான பெட்டிக்குக் கரண்ட் எதுக்கு? மத்த பெட்டிக்கெல்லாம் ஆம்ப்ளிஃபயர்லருந்து ஒத்த ஒயரு போகுது. இந்த ரிப்பேருப் பெட்டிக்கு சுவத்து பிளக்குலருந்து ஒண்ணு போகுது, உம்ம மேஜைத் திரையிலருந்து ஒண்ணு போகுது, கீபோர்டுலருந்து ஒண்ணு போகுது. கொக்கி போட்டவன் எவனும் ஒயர மறைக்க மாட்டான் வே. எவன் ஒயரப் பாக்கப் போறான்னு ஒரு நெனப்பு."

பெட்டியின் பின்பலகையில் திருகு எதுவும் இல்லை. நான் கையை வைத்ததும் கழன்று வந்தது. உள்ளே ஒரு துண்டை விரித்து, அதன் மேல் பத்திரமாக ஒரு லேப்டாப். மூடியில் எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கட்டின ஸ்டிக்கர்.

"வடிவு," என்று போனைப் பார்த்துச் சொன்னேன், "ஒன் எலுமிச்சம்பழம் கெடச்சிருச்சு." மறுமுனையில் அந்தப் பெண் அழ ஆரம்பித்துவிட்டாள்.

"பாஸ்வேர்டுகூடப் போடாம வச்சிருந்திருக்கா, கூறுகெட்டவ," என்று அக்கா முணுமுணுத்தாள். "துப்ப வைக்கத் தெரியுது, பூட்டு வைக்கத் தெரியல."

பேச்சிராஜ் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தான். "என்ன செய்யச் சொல்லுதிய? அண்ணாச்சி கொரல் இல்லாம ஒரு கடைக்காரனும் ஆட்டோ கேக்க மாட்டேங்கான். நான் பேசினா, 'எலே, ஞானையா பேசுத மாதிரி இல்லையே'ங்கான். மேடைக்குப் பின்னால லேப்டாப்பு தொறந்தபடி கெடந்துச்சு. கை அரிச்சிருச்சு. வேற கம்ப்யூட்டருக்கு மாத்தவும் தெரியல. அப்பிடியே பெட்டிக்குள்ள வச்சு ஓட்டினேன்."

ஞானையா சிலேட்டில் எழுதினார். நான் வசவை மென்று முழுங்கிச் சொல்லத் தயாராக எட்டிப் பார்த்தேன். மெல்ல வேண்டியதே இல்லை.

'கேட்டிருந்தா தந்திருப்பேன்லே.'

அதை அவன் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றார். பேச்சிராஜ் வாசித்தான். அக்கா ஸ்டேஷனுக்குப் போன் போட்டாள்.

நான் லேப்டாப்பை எடுத்து மேஜையில் வைத்துத் திறந்தேன். பதிவெல்லாம் அப்படியே இருந்தது, வசவு உட்பட. "அண்ணாச்சி, ஒங்க கொரலு. இப்ப ஆசை தீர இவன வையிங்க. எனக்கும் கேக்கணும்னு ஆசையா இருக்கு," என்றேன்.

அவர் உட்கார்ந்தார். பேச்சிராஜைப் பார்த்தார். பிறகு என் போனைக் கை காட்டிக் கேட்டு வாங்கி, ஒரு நம்பரை அழுத்தி, லேப்டாப்பின் பக்கத்தில் வைத்தார். ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடித் தட்டினார்.

"அலோ, யாரு?" என்றது போன். பாக்கியவதி.

"பாக்கியம்! சோறு ஆக்கிட்டியா?"

போனில் அவள் வெடித்தாள்.

"எவம்லே அது? நேத்து தெருவுல வித்தது போதாதா, போன்லயும் நைட்டி விக்க வந்துட்டியா? செத்த வீட்டுல போயி வெளையாடு, நாசமாப் போறவனே!"

மைக் ஞானையா பொண்டாட்டி என்பது சரியாகத்தான் இருந்தது. அவளே வைத்துவிடுவாளோ என்று நான் போனை எடுக்கப் போனேன். ஞானையா என் கையைத் தட்டிவிட்டு அவசர அவசரமாகத் தட்டினார். எழுத்து தப்பு தப்பாக விழுந்தது, அழித்து அழித்துத் தட்டினார்.

"கோவிக்காத பாக்கியம். நாந்தான். கரண்டியோட ஓடி வந்தியே, அது நைட்டிக்கா, எனக்கா?"

எதிர் முனையில் பாத்திரம் எதையோ கீழே வைக்கும் சத்தம். மூக்கை உறிஞ்சும் சத்தம். நான் அழவில்லை, ஏலக்காய் வாசனை கண்ணில் பட்டுவிட்டது.

"நைட்டிக்குத்தான் ஓடி வந்தேன்," என்றாள் பாக்கியவதி. குரல் உடைந்து போயிருந்தது. "வேற என்னத்துக்கு? வந்தா நீங்களும் இல்ல, நைட்டியும் இல்ல."

அவர் தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று சத்தம் இல்லாததால் சொல்ல முடியவில்லை.

"சோறு ஆக்கியாச்சு," என்றாள். பிறகு, பைய, கெஞ்சுகிற மாதிரி, "மொத சொன்னத மட்டும் இன்னொருக்கா சொல்லுங்க."

ஞானையா மறுபடியும் தட்டினார், இந்தத் தடவை ஒரே ஒரு வார்த்தை.

"பாக்கியம்!"

"ம்," என்றாள் அவள். "இன்னொருக்கா."